என் முகத்துக்கு ஒரு வக்கீல்

என் முகத்தைப் பற்றி ராயப்பேட்டையில் ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வறண்ட தோல். அதே தோலில் பரு. எண்ணெய் வழிகிறவர்களுக்குத்தான் பரு வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் என் விலாசத்தைக் கொடுத்து அனுப்புங்கள். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத தெருவிலேயே சாக்கடை பொங்குவதை நாம் பார்த்ததில்லையா? என் கன்னம் அப்படிப்பட்ட தெரு.

பதினெட்டு வயதில் ஆரம்பித்தது. இப்போது இருபத்தொன்பது. இடையில் என் முகத்தில் ஏறாத சரக்கு மளிகைக் கடையில் பாக்கி இல்லை. கடலைமாவு, எலுமிச்சை, புளித்த தயிர், முல்தானி மட்டி, ஜாதிக்காய், பூண்டு, ஒரு ரம்ஜான் மாதம் முழுக்க டூத்பேஸ்ட். பருவைக் காய வைக்கச் சொல்கிறவர்கள் ஒரு கட்சி. அவர்கள் பேச்சைக் கேட்டால் முகம் வெடித்துச் செதில் செதிலாக உரியும். எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் இன்னொரு கட்சி. அவர்கள் பேச்சைக் கேட்டால் ஒரே வாரத்தில் நெற்றி நிறையப் பரு. இரண்டு கட்சிக்கும் கூட்டம் நடத்தும் மைதானமாக என் முகம் பதினோரு வருஷம் கிடந்தது.

நான் வேலை பார்ப்பது ஆழ்வார்பேட்டையில், காது மெஷின் விற்கும் இடத்தில். காது கேட்காதவர்கள் பேசுகிறவரின் உதட்டைப் பார்ப்பார்கள். என்னிடம் வருகிறவர்களின் பார்வை உதட்டுக்கு வருகிற வழியில் கன்னத்தில் இறங்கிவிடும். மயிலாப்பூரிலிருந்து ராகவேந்திரன் என்று ஒரு பெரியவர் வருவார், எண்பத்திரண்டு வயது. மெஷினை மாட்டிவிட்டு, "கேக்குதா சார்?" என்பேன்.

"ஏம்மா, மூஞ்சில என்னது இது? ஆத்துல கஸ்தூரி மஞ்சள் இல்லியா? அரைச்சுண்டு பூசிக்கோ."

"மெஷின் கேக்குதா சார்?"

"பயத்தமாவும் சேத்துக்கோ."

கேட்கவில்லை என்று படிவத்தில் குறித்துக்கொள்வேன்.

கடைசியில் மந்தைவெளியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தோல் டாக்டர் ஜான்சியிடம் போனேன். இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுத ஆரம்பித்தவர் பூண்டு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இந்த மூஞ்சி உங்களுக்கு இன்னாங்க கெடுதல் பண்ணுச்சு?" என்றார். "நீங்க இத்தினி வருஷமா மூஞ்சி கழுவல. கரி புடிச்ச பாத்திரம் தேய்ச்சிருக்கீங்க."

அவர் கொடுத்த வைத்தியத்தைச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள், அவ்வளவு சின்னது. நுரை பொங்காத ஃபேஸ்வாஷ் காலையும் மாலையும். முகத்தின் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். பகலில் வெளியே போனால் சன்ஸ்கிரீன். படுக்கப் போகும்போது பட்டாணி அளவு ஆயின்ட்மென்ட், முகம் முழுக்க. அவ்வளவுதான். மூன்று மாதம்.

"முக்கியமானது இதுதான். வேற எதுவும் படக்கூடாது. வேற யார் கையும் படக்கூடாது. பட்டுச்சுன்னா மறுபடியும் ஒன்னாம் நாள்லேர்ந்து."

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம் இன்னும் கொஞ்சம் உரிந்தது. ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முகம் கழுவினேன், எரியவில்லை. பதினோரு வருஷத்தில் தண்ணீர் பட்டு எரியாத முதல் காலை அது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. குழாயை மூட மறந்து அப்படியே நின்று அழுதேன். தண்ணீர் வீணாகிறது என்று அம்மி, அதாவது என் அம்மா, கதவைத் தட்டினாள்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை காஷிஃப், தி. நகரில் டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. பெண் பார்க்க வந்தது என் முகம் மிக மோசமாக இருந்த மாதம். அந்த ஆள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், எங்கள் வீட்டு தால்ச்சாவில் மாங்காய் போட்டது ஏன் என்று இருபது நிமிஷம் விசாரித்தான். அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும். எரியாத இந்த முகமும் எனக்கு வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்பது அவன் அம்மா ஹாஜிரா பீயின் ஃபோன் வந்தபோதுதான் தெரிந்தது.

அவர்கள் வீட்டு வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்து பெண்ணுக்கு ஹல்தி பூசுவார்களாம். வெறும் மஞ்சள் இல்லை. மஞ்சள், சந்தனம், கடலைமாவு, ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைச் சாறு. கூடவே பாதாம் ஓட்டை உரலில் இடித்துச் சலித்த தூள். ஹாஜிரா பீ தன் கையாலேயே இடித்து, தன் கையாலேயே தேய்த்துவிடுவார்.

"பாதாம் இல்ல, பாதாம் ஓடு?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"ஓடுதான். அழுக்கு போவ வேணாமா?" என்றாள் அம்மி.

என் அம்மா ஜைதூன் பீ பொல்லாதவள் இல்லை. சம்பந்தி வீட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பினால் சம்பந்தத்தையே திருப்பி அனுப்பின மாதிரி என்று நினைக்கிறவள், அவ்வளவுதான். ஹல்தி வேண்டாம் என்று நான் சொன்னதும் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே தலையை விட்டுக்கொண்டு அழுதாள். காஷிஃபுக்கு ஃபோன் போட்டேன்.

"நான் எங்க அம்மிகிட்ட பேசறேன் தஹ்சீன்," என்றான்.

"எப்ப?"

"பேசறேன்."

அவன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, இந்த ஜென்மத்தில் பேசமாட்டான்.

வழி சொன்னவர் பீர் முஹம்மது சாச்சா. என் அப்பாவின் தம்பி, வயது அறுபத்தொன்று, கீழ் வீட்டில் இருக்கிறார். கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். அப்பா இறந்து ஆறு வருஷமாக எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான். குடும்பத்தில் இதுவரை பதினோரு நிக்காஹ்வில் பெண்ணுக்கு வக்கீலாக நின்றிருக்கிறார். அதில் அவருக்கு இருக்கும் பெருமை கடையில்கூடக் கிடையாது.

"பாபி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்று அம்மியிடம் ஆரம்பித்தார். "நிக்காஹ்ல பொண்ணு சபைக்கு வருதா? வரல. வக்கீல் ரெண்டு சாட்சிய இட்டுக்கினு உள்ள போறான். இன்னாருக்கு இவ்ளோ மஹர் பணத்துக்கு உன்ன நிக்காஹ் பண்ணி குடுக்க சம்மதமான்னு கேக்கறான். அவ சொன்னத தூக்கிக்கினு வந்து சபைல வெக்கறான். வாழ்க்கையவே வக்கீல் கைல குடுத்து அனுப்பறோம். ஒரு கிண்ணம் மஞ்சளுக்கு வக்கீல் வெக்கக்கூடாதா?"

அம்மி ஃபிரிட்ஜிலிருந்து தலையை எடுத்தாள். "மஞ்சள வக்கீல் பூசிக்கினா பொண்ணுக்கு எப்டி கலர் வரும்?"

"அவ சம்மதத்த நான் போய் சொன்னா எனக்கா கல்யாணம் ஆவுது? அவளுக்குத்தானே ஆவுது?"

இதில் ஓட்டை எங்கே என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே," என்றாள் அம்மி.

"கேட்டா ஹல்தியே மார்க்கத்துல கிடையாதுன்னுடுவாரு. கிடையாத ஒன்னுக்கு வக்கீல் வெக்கக்கூடாதுன்னு எங்கியாவது போட்டிருக்குமா? போட்டிருக்காது."

அன்று மாலையே நியமனம் நடந்தது. சாட்சிகள் என் தம்பி நதீமும், பிரியாணிக்கு வந்திருந்த அவன் நண்பன் நந்தகுமாரும். என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சாச்சா தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்று, சபையில் பேசும் குரலில் கேட்டார்.

"ஜைதூன் பீ மகள் தஹ்சீனாகிய உன்னுடைய முகத்துக்கு, நெத்தி, ரெண்டு கன்னம், மூக்கு, தாடை உட்பட, என்ன வக்கீலா வெச்சுக்க சம்மதமா?"

"காது?" என்றான் நந்தகுமார்.

"காது டிபார்ட்மென்ட்ட அவளே பாத்துப்பா. நீ சும்மா இரு."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சம்மதம் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஹாஜிரா பீயிடம் இதைச் சொல்லும் பொறுப்பும் வக்கீலுடையதுதான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "பூசிக்க வக்கீலா? எங்கியாவது உண்டா பாய் இது?" என்றார் அந்த அம்மாள்.

"உங்க நிக்காஹ் அப்ப மாப்ள எங்க இருந்தாருமா?"

"துபாய்ல."

"அவருக்கு பதிலா சபைல யாரு உக்காந்தா?"

"அவரு அண்ணன்."

"அந்த நிக்காஹ் செல்லும்தானே?"

ஹாஜிரா பீக்கு முப்பத்து நாலு வருஷக் கல்யாணம், மூன்று பிள்ளைகள். செல்லாது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் வருகிறோம் என்று ஃபோனை வைத்துவிட்டார்.

வந்தார்கள், பதினாலு பெண்கள், தட்டுத் தட்டாக. கூடத்தின் நடுவில் மஞ்சள் ஜமக்காளம் விரித்து, சாச்சாவை உட்கார வைத்து, தலையில் என் சிவப்புத் துப்பட்டாவைப் போட்டிருந்தோம். வெளி ஆண்பிள்ளையைத் தொட்டுப் பூசுவது எப்படி என்று மாப்பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். சாச்சா அதையும் யோசித்து வைத்திருந்தார். சீட் கவருக்குப் பசை தடவும் இரண்டு இஞ்ச் பிரஷ், புத்தம் புதியது, கவர் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தார். ஹாஜிரா பீ அதை வாங்கி, கிண்ணத்தில் முக்கி, துப்பட்டாவை விலக்கி, சாச்சாவின் இரண்டு கன்னத்திலும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி அடித்தார். தாடிக்கு மேலே எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவும். அழுக்கு போக வேண்டுமே, பிரஷைத் திருப்பிப் பிடித்து அழுத்தியும் தேய்த்தார். பெண்கள் பாட்டுப் பாடினார்கள். பெற்ற வீட்டை விட்டுப் போகும் மகளைப் பற்றிய பாட்டு. சாச்சாவின் கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது. பாட்டுக்காகவும் இருக்கலாம், எலுமிச்சைக்காகவும் இருக்கலாம்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து சேமியா சாப்பிட்டேன். என் முகத்தில் மாய்ஸ்சரைசரைத் தவிர ஒன்றும் இல்லை.

விஷயம் மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. முனையில் மீன் விற்கும் கெங்கம்மா என்னை நிறுத்தினாள். "இன்னாம்மா, மூஞ்சிக்கு வக்கீல் வெச்சிக்கினியாமே? நான் உனுக்கு வேப்பங்கொழுந்தும் கல்லுப்பும் அரைச்சி எடுத்தாந்துகீறேன். இத இப்ப யாராண்ட குடுக்கறது?"

"சாச்சா கடைல குடுத்துடுங்க."

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் பதினோரு வருஷ அஞ்சல் முழுக்க அன்றிலிருந்து விலாசம் மாறிவிட்டது. யார் என்ன சொன்னாலும், "வக்கீல்கிட்ட சொல்லுங்க" என்றேன். கெங்கம்மாவின் கல்லுப்பு போயிற்று. பக்கத்து வீட்டுக் கற்றாழை போயிற்று. ராகவேந்திரன் சாருக்கு மட்டும் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவர் பயத்தமாவுப் பொட்டலத்தோடு ஆட்டோ பிடித்து சீட் கவர் கடைக்கே போய்விட்டார்.

சாச்சா எதையும் மறுக்கவில்லை. அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. அவர் மறுத்தால் நான் மறுத்ததாக ஆகிவிடுமாம். கொண்டுவந்தவர்கள் மனம் கோணக்கூடாதாம். எது வந்தாலும் என் சார்பில் வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே பூசிக்கொண்டார்.

"இப்டி எல்லாத்தையும் பூசிக்காதீங்க சாச்சா," என்றேன்.

"வக்கீல்னா பாதி வேல பாப்பானா? நீ போ."

இரண்டாவது வியாழக்கிழமைக்குள் அவர் கன்னம் சிவந்துவிட்டது. அன்று மறுபடியும் பாதாம் ஓடு. வெள்ளிக்கிழமை காலை ஆறு பரு. அறுபத்தொரு வயதில், முதல் தடவையாக. நடுவில் தோல் வெடித்து உரிந்து, பருவும் வறட்சியும் ஒன்றாக. அச்சு அசல் என் முகம். அதைப் பார்த்த தெரு சும்மா இருக்குமா? இப்போது அவருடைய சொந்த முகத்துக்கே மருந்து வர ஆரம்பித்தது. காய வை என்றார் பெட்டிக் கடைக்காரர். தேங்காயெண்ணெய் வை என்றார் டீக்கடைக்காரர். சீட் தைக்க வந்த ஒரு ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாய், ஒங்க மூஞ்சியே ரெக்சின் உரிஞ்ச மாதிரி கீதே," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கோ பொற்காலம். தெருவில் நடந்தால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. என் கன்னத்தில் இரண்டே இரண்டு தழும்பு, அதுவும் மங்கல். டாக்டர் ஜான்சி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "யாரும் கை வெக்கல போல," என்று சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாச்சா மாடிக்கு வந்தார். மூக்கு வரைக்கும் கர்சீஃப் கட்டியிருந்தார். "வெலகிக்கலாமான்னு பாக்கறேன் தஹ்சீன். நீ விட்டாத்தான் விட முடியும். ராவெல்லாம் எரியுது."

"இன்னும் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் சாச்சா. முடிஞ்சிடும்."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். நான் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

புதன்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை வக்கீல் பேச்சே எடுக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கர்சீஃபை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக அப்பாவைப் பற்றி ஆரம்பித்தார். உன் அப்பா இருந்திருந்தால் சனிக்கிழமை கல்யாணம் முடிந்து அவர்தான் உன் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டிருப்பார், நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் யார் யாரையோ பிடித்துப் பேரீச்சம்பழம் கொடுத்தார், எனக்கு மட்டும் கொடுக்க மறந்துவிட்டார், இன்னும் என்னென்னவோ. அவர் குரல் உடைந்துகொண்டிருந்தது. நான் அவர் இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாச்சா, இத கிள்ளுனீங்களா? கிள்ளக்கூடாது. நெறைய தண்ணி குடிங்க."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். கர்சீஃபை எடுத்துக் கட்டிக்கொண்டார். "சரிம்மா, குடிக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பதினோரு வருஷம் எத்தனையோ பேர் எனக்கு இதைச் செய்திருக்கிறார்கள். நான் பரீட்சையில் பாஸானதைச் சொல்லும்போது செய்திருக்கிறார்கள். அப்பா இறந்த வீட்டில் துக்கம் கேட்க வந்தபோதும் செய்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தரையும் நான் மனசுக்குள் வைத்துத் திட்டியிருக்கிறேன். அன்று ராத்திரி அந்த வரிசையில் என்னையும் நிறுத்தித் திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது வியாழக்கிழமை வந்தது. அதே பதினாலு பெண்கள், அதே தட்டுகள். சாச்சா சிவப்புத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். துப்பட்டாவுக்குள்ளேயே கர்சீஃபை அவிழ்த்து மடித்து மடியில் வைத்தார். ஹாஜிரா பீ பிரஷை எடுத்தார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன்.

"சாச்சா, எழுந்திருங்க. என் மூஞ்சிய நானே திருப்பி எடுத்துக்கறேன்."

துப்பட்டாவுக்குள்ளிருந்து, "அப்டி சும்மா எடுத்துக்க முடியாதும்மா. ரெண்டு சாட்சி வேணும்," என்று குரல் வந்தது.

"பதினாலு பேர் கீறாங்க."

துப்பட்டாவை என் கையில் கொடுத்துவிட்டு அவர் மாடிப்படி இறங்கின வேகத்தில் ஒரு செருப்பு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நான் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். பெண்களுக்கு ஒரே குஷி. கடைசியில் மணப்பெண்ணே கிடைத்துவிட்டாளே! ஹாஜிரா பீ பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கையை முழுசாகக் கிண்ணத்தில் விட்டார். மஞ்சள் ஒழுகும் விரல்கள் என் கன்னத்துக்கு நாலு அங்குலத்தில் வந்தபோது சொன்னேன்.

"வேணாம் மாமி."

"யாரு சொல்றது? வக்கீலா?"

"வக்கீல் இல்ல. நான்தான் சொல்றேன். இது எரியும் மாமி. பதினோரு வருஷமா எரிஞ்சுது, இப்பதான் எரியாம கீது. உங்க மேல எனக்கு கோவம் இல்ல. காஷிஃப எனக்கு பிடிச்சிருக்கு. ஆனா என் மூஞ்சிய தொடாதீங்க."

அம்மி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஹாஜிரா பீயின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கத்துவார், தட்டைத் தூக்கிக்கொண்டு போவார், கல்யாணம் நின்றுவிடும் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன்.

"என்ன யாரும் கேக்கல," என்றார்.

"மாமி?"

"எனக்கு பூசும்போது வேணுமா வேணாமான்னு ஒருத்தியும் கேக்கல. மூணாவது வியாழக்கிழமை மூஞ்சி இட்லி மாதிரி வீங்கிடுச்சு. கண்ணு தொறக்கல. அப்பதான் ஃபோட்டோ புடிச்சு துபாய்க்கு அனுப்புனாங்க. பாத்துட்டு அந்த மனுஷன் ரெண்டு வருஷம் லீவே எடுக்கல."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். ஹாஜிரா பீயும் சிரித்தார். பிறகு இருவருமே நிறுத்திக்கொண்டார்கள்.

"ரொம்ப எரிஞ்சுதா மாமி?"

"ஒம்போது நாள்."

"அப்ப எனக்கு ஏன் மாமி?"

அவர் தன் மஞ்சள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்ன சும்மா விட்டுட்டா, நான் பட்டதெல்லாம் எதுக்கு? சொல்லு. எதுக்குன்னு சொல்லு பாக்கலாம்."

எதற்கும் இல்லை என்பதுதான் பதில். அதை ஐம்பத்தாறு வயது மனுஷியிடம் பதினாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வது? நான் எழுந்துபோய் சொம்பில் தண்ணீரும் கை கழுவ ஒரு பேசினும் எடுத்துவந்தேன். அவர் கையை நீட்டினார். ஊற்றினேன். காலையிலிருந்து இடித்த கை, விரல் இடுக்கெல்லாம் பாதாம் ஓடு, உள்ளங்கை ஒரே சிவப்பு. மூன்று சொம்பு ஊற்றியும் முழுசாகப் போகவில்லை. உள்ளேயிருந்து என் மாய்ஸ்சரைசரைக் கொண்டுவந்து வைத்தேன். அவரே எடுத்துத் தடவிக்கொண்டார்.

"அப்ப ஹல்தி ஆச்சா, ஆவலியா?" என்றாள் அம்மி மெல்ல.

"ஆச்சு," என்றார் ஹாஜிரா பீ. அவருடைய வீட்டுப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கிண்ணத்தை ஒரு தட்டைப் போட்டு மூடினார்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இரு. இனிமே உன் மூஞ்ச பத்தி எவ எது பேசுனாலும் என்கிட்ட அனுப்பு. உனக்காக நான் பேசிக்கறேன்."

"வேணாம் மாமி. நானே சொல்லிக்கறேன்."

தலையாட்டினார். அவர் பார்வை என் கன்னத்தை விட்டு மெதுவாக மேலே ஏறி, நெற்றியைத் தாண்டி, தலை வகிட்டில் போய் நின்றது. முடி கொட்டி வகிடு கொஞ்சம் அகலமாகிவிட்டது, எனக்கே தெரியும். அவர் உதடு பிரிவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அதையும் நானே பாத்துக்கறேன் மாமி."